ஆடு தின்ன மிச்சம்

அத்தியாயம் 7

தோட்டத்துக் கண்ணாடி வீட்டுக்குள் காலை வைத்ததுமே சாகிருக்கு வேர்த்துக் கொட்டியது.

வெளியே வேர்த்தால் கேள்வியே இல்லை. ஜூன் மாதத்து தோஹாவில் வேறென்ன கிடைக்கும்? ஆனால் இது ஒரு தீவுச் செடிக்கென்றே தனியாகக் குளிரூட்டிய அறை. உள்ளே போனால் பல் கிட்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று பிருந்தா வழி நெடுக உபதேசம் செய்துகொண்டு வந்திருந்தாள். அந்த ஸ்வெட்டர் இப்போது சாகிரின் கையில் பாவமாகத் தொங்கியது.

"மேடம், இதைப் போடுறதா, இதால வேர்வையைத் துடைக்கிறதா?"

"வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற."

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிகிறவள் பிருந்தா. பொய் சொல்லி நஷ்டஈடு கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்து, நிஜம் சொல்பவர்களையும் ஒரு தரம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புவாள். கோயம்புத்தூர்க்காரி என்பதால் அந்தச் சந்தேகத்தையும் மரியாதையாகவே கேட்பாள். சாகிர் கீழக்கரைக்காரன். தோஹாவின் நஜ்மா பகுதியில் நடத்திய மொபைல் கடையை மூடிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன். அவளுக்கு வண்டி ஓட்டுவது அவன் வேலை. வாயை ஓட்டுவது அவனாக எடுத்துக்கொண்ட உபரி வேலை.

ஆனால் இன்றைக்கு வந்திருப்பது கம்பெனி வேலையாக அல்ல. சதீஷ்குமாருக்காக. இந்தத் தோட்டத்தின் குளிர்சாதன இன்ஜினியர் சதீஷ். கல்யாணத்துக்கு முன்னால் சாகிரோடு ஒரே ரூமில் இருந்தவன், ஒரே சட்டியில் மீன் குழம்பு தின்றவன். இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான். அவன் மனைவி சுஷ்மிதாவுக்கு எட்டாவது மாதம்.

காரணம் ஒரு செடி. முழங்கால் உயரம், அடியில் விறகு மாதிரிக் கட்டை, மேலே இளசாகக் கொழுந்து, நுனியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. சாமந்திக் குடும்பம். எங்கோ நடுக்கடலில், கப்பல்கூட எட்டிப் பார்க்காத ஒரு தீவில் அது பாட்டுக்கு முளைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அங்கே கொண்டுபோய் ஆடுகளை இறக்கிவிட்டான். ஆடுகள் ஆடுகளின் வேலையைச் செய்தன. தின்றது போக மிஞ்சியது இந்த ஒன்றே ஒன்று. அதைத்தான் தோட்டத்துச் சொந்தக்காரரான அரபி பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

அது போன வாரம் சட்டியோடு காணாமல் போய்விட்டது. அரபி வீட்டுப் பெண்கள் உலாவ வரும் இடம் என்பதால் உள்ளே கேமரா கிடையாது. கதவுக்கு இரண்டே சாவி. ஒன்று தோட்டத்தின் தலைமை விஞ்ஞானி டாக்டர் கௌரிசங்கரிடம், இன்னொன்று சதீஷிடம். புகார் கொடுத்தது டாக்டர். மிச்சம் இருந்தது யார் என்று கண்டுபிடிக்கப் போலீசுக்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

அரபி ஒரே ஒரு கருணை காட்டியிருந்தார். இன்று பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் செடி உயிரோடு தன் இடத்துக்கு வந்துவிட்டால் கலாஸ், அத்தோடு முடிந்தது, யார் மேலும் கேஸ் இல்லை. வராவிட்டால் நாளைக்கு சதீஷ் கோர்ட்டுக்குப் போவான். அதன் பிறகு அவன் தன் பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பான் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

"கேளுங்க, எது வேணும்னாலும் கேளுங்க" என்றார் கௌரிசங்கர். மதுரைக்காரர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தூங்கிப் பல நாளான முகம்.

பிருந்தா செடி இருந்த மேஜையின் அடியில் மண்டியிட்டிருந்தாள். "ஏனுங்க டாக்டர், பக்கத்துல இத்தனை ஆர்க்கிட் பளபளன்னு நிக்குது. அதையெல்லாம் விட்டுப்போட்டு இந்தக் குச்சிச் செடியை எதுக்கு எடுக்கோணும்?"

"அதோட அருமை தெரிஞ்சவனா இருக்கும்."

"அருமை தெரிஞ்ச திருடன் சட்டியைத் தூக்கினான், சரி. அடித்தட்டை விட்டுட்டுப் போனான், சரி. அதைச் சுத்தமாத் துடைச்சு வெச்சுட்டுப் போவானுங்களா?"

மேஜை மேலிருந்த மற்ற தட்டுகளில் எல்லாம் உப்புப் படிந்த தண்ணீர்க் கறை. இந்தத் தட்டு மட்டும் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"நல்ல வீட்டுத் திருடன் மேடம்" என்றான் சாகிர். "எங்க ரூம்ல ஒருத்தன் இருந்தான், தின்ன தட்டையே கழுவ மாட்டான். இந்தத் திருடனை அங்க அனுப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த ஒருத்தன் சதீஷ். சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.

பிருந்தா எழுந்தபோது அவள் உள்ளங்கையில் காய்ந்த இரண்டு கொழுந்து நுனிகள் இருந்தன. "கத்தரி பட்டிருந்தா வெட்டுவாய் நேராயிருக்கும். இது நசுங்கியிருக்கு. நகத்தால கிள்ளினது. மோந்து பாரு."

சாகிர் முகர்ந்தான். காய்ந்தும் போகாத வாசனை. பச்சையாக, லேசான கசப்போடு, மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"மரிக்கொழுந்துல்ல மேடம் இது! எங்க ஊர் பூக்கடைப் பக்கம் போனா இதான் தூக்கும்."

டாக்டரின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றுவிட்டது. "மரிக்கொழுந்தும் சாமந்திக் குடும்பம்தான். வாசனை கொஞ்சம் ஒத்துப்போகும்" என்றார்.

"ஆமாங்க, குளிர் மெஷின் ரிப்பேருங்களா?" என்றாள் பிருந்தா.

"இல்லம்மா. நேத்து நான்தான் நிறுத்தச் சொன்னேன். காலி ரூமுக்கு எதுக்குக் குளிரு?"

பிருந்தா தலையாட்டினாள். அவள் அப்படிச் சும்மா தலையாட்டினால் எதையோ மனசில் முடிந்துகொள்கிறாள் என்று அர்த்தம்.

வண்டியில் ஏறியதும் சொன்னாள். "தூக்கிட்டுப் போக வந்தவன் நின்னு நிதானமாக் கொழுந்து கிள்ளிக்கிட்டிருக்க மாட்டான். கிள்ளினது ஒருத்தர், தூக்கினது இன்னொருத்தர். இந்த வாசனை பட்டதும் யாருக்கு நகம் நமநமங்கும்?"

"நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு."

"அதுலயும் பூக் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு. நஜ்மாவுக்கு விடு. பூ விக்கிறவங்ககிட்ட கேப்போம்."

நஜ்மாவில் தமிழர்களுக்குப் பூ என்றால் மீராசா கடைதான். முருங்கைக்காய்க்கும் அப்பளத்துக்கும் நடுவில் தெர்மோகோல் பெட்டி. விமானத்தில் வரும் மல்லிகை அதற்குள் ஐஸோடு தூங்கும். காயல்பட்டினத்துக்காரரான மீராசா கல்லாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான் சாகிர். " மரிக்கொழுந்து இருக்கா?"

"வஅலைக்கும் ஸலாம். என்னப்பா, நீயும் மரிக்கொழுந்தா? மாஃபி, இல்லவே இல்ல! ப்ளேன்ல வந்து சேர்றதுக்குள்ள கருகிப் போவுதுன்னு நான் வரவழைக்கிறதே இல்ல. போன வாரம் ஒரு அம்மா வந்து என்னை ஏசாத குறை. வளைகாப்புக்கு ஜடை தைக்கணுமாம், மரிக்கொழுந்து இல்லாம அது என்ன ஜடைன்னு கேட்டாங்க. நான் என்ன செய்ய? மல்லியை மட்டும் வாங்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனாங்க."

"யார் வீட்டு வளைகாப்புங்க?" என்றாள் பிருந்தா.

"இந்தா, பின்னாடி பில்டிங்குதான். ஏசி வேலை பார்க்கிற அந்தப் பையன், பாவம், இப்ப உள்ள இருக்கானே, அவன் சம்சாரத்துக்கு."

சாகிரின் கையிலிருந்த கார்ச் சாவி அப்பளக் கட்டின் மேல் விழுந்தது. அந்த வளைகாப்பின் புளியோதரையை அவனும் தின்றிருந்தான். சதீஷே டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தது. நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றிருந்தான்.

"மேடம், அவன் செஞ்சிருக்க மாட்டான்" என்றான் சுஷ்மிதா வீட்டுப் படியேறும்போது. இந்தத் தரம் கிண்டல் எதுவும் கூட வரவில்லை.

"நானும் அப்படித்தான் நினைக்கறேன். நெனப்பை வெச்சு யாரும் வெளிய விடறதில்லையே."

சுஷ்மிதா கதவைத் திறந்தபோது முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்கியது. வளைகாப்பில் அடுக்கியது. கண்கள் வீங்கியிருந்தன. "அவர் வராரா அண்ணா?" என்றாள் சாகிரைப் பார்த்து. சாகிர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"வளைகாப்பு ஃபோட்டோ இருக்காம்மா?" என்றாள் பிருந்தா.

ஃபோனில் காட்டினாள். பட்டுப்புடவையில் திரும்பி நின்று, பின்னலைக் காட்டிச் சிரிக்கிற சுஷ்மிதா. தலையிலிருந்து இடுப்பு வரை மல்லிகை வரிசை, வரிசைக்கு வரிசை நடுவில் பச்சைக் கொழுந்து. கொழுந்தின் நுனியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ.

"இது என்னதும்மா?"

"மரிக்கொழுந்துதானே மேடம்? அந்த ஜடை இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வாடிப்போச்சு, ஆனா தூக்கிப்போட மனசே வரல."

எவர்சில்வர் டப்பாவைத் திறந்தபோது கண்ணாடி வீட்டின் வாசனை அந்தச் சமையலறையில் எழுந்தது. உலகத்தின் கடைசிச் செடி, அதைத் திருடியதாகச் சொல்லப்படுகிறவனின் வீட்டு ஃப்ரிட்ஜில், அவன் மனைவியின் தலையிலிருந்து இறங்கி, தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் இந்த டப்பாவைத் திறந்தால் போதும், அதற்குப் பிறகு சதீஷ் வாயைத் திறக்கவே வேண்டாம்.

"கிள்ளி நட்டா வேர் பிடிக்காதா மேடம்? ஒண்ணே ஒண்ணு?" என்றான் மெதுவாக.

பிருந்தா ஒவ்வொரு கொழுந்தாக எடுத்துப் பார்த்தாள். ஐஸ் பட்டுக் கறுத்து, விரலில் கூழாக ஒட்டியது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு டப்பாவை மூடினாள்.

"ஜடை தைச்சது யாரும்மா?"

"பத்மாம்மா. டாக்டர் சாரோட வைஃப். எங்கம்மாவுக்கு விசா கிடைக்கல மேடம். அம்மா ஸ்தானத்துல நின்னு முதல் வளையல் போட்டதே அவங்கதான். இவர் உள்ள போனதுலேர்ந்து தினம் மூணு வேளையும் சாப்பாடு அனுப்புறாங்க. நேத்து நைட்டு மட்டும் வரல. டாக்டர் சார் ரூமைப் பூட்டிக்கிட்டு அழுதாராம், என்னன்னு கேட்டா சொல்லவே இல்லையாம்."

"நேத்தா?"

"ஆமா மேடம், நேத்து."

படியிறங்கும்போதே பிருந்தா பேச ஆரம்பித்துவிட்டாள். "செடி திரும்பி வரும்னு நம்பறவன் அறையைக் குளிராத்தான் வெச்சிருப்பான். காணாமப் போன நாள்லேர்ந்து முந்தாநாள் வரைக்கும் டாக்டர் வெச்சிருந்தார். நேத்து நிறுத்திட்டார். இனிமே அது வராதுன்னு அவருக்கு நேத்து எப்படித் தெரிஞ்சுது, சாகிர்?"

சாகிர் ஓடிப்போய்க் காரில் ஏறினான். வண்டியை எடுத்த வேகத்தில் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

டாக்டர் வீட்டுக் கதவைத் திறந்த பத்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மூக்குத்தி, நெற்றி நிறையக் குங்குமம். சாகிரைச் சுஷ்மிதா வீட்டில் பார்த்த ஞாபகத்தில் முகமெல்லாம் மலர்ந்தது. "வாங்க, வாங்க! உள்ள வாங்க. சதீஷைப் பத்தி ஏதாவது நல்ல சேதி உண்டா? உக்காருங்க, காப்பி போடுறேன்."

"காப்பி அப்புறம் குடிக்கலாங்க" என்றாள் பிருந்தா. அவள் பார்வை பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது. ஏசியின் வெளிப்பெட்டி அனலாக ஊதிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு மண்சட்டி. அதில் ஒரு காய்ந்த குச்சி.

"அதுவா? அது மரிக்கொழுந்து" என்றாள் பத்மா. "இவர் தோட்டத்துல இருந்துச்சு. போன வெள்ளிக்கிழமை பூத்திருக்குன்னு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. மதுரையில பிறந்துட்டு அந்த வாசனைக்கு நான் சும்மா வருவனா? இவர் ஃபோன் பேச வெளிய போன நேரத்துல சுஷ்மிதா ஜடைக்குன்னு முழுசாக் கிள்ளிட்டேன். கிள்ளக் கிள்ளத்தானே தழையும்? மறுநாள் இவரே சட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. வேண்டாம்னு கழிச்ச செடி, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. எனக்குன்னுதான் கொண்டாந்திருக்காரு, வெளிய சொல்லக் கூச்சம்னு நினைச்சுக்கிட்டேன்."

"கொண்டுவந்து எங்க வெச்சாருங்க?"

"பெட்ரூம்ல, ஏசிக்குக் கீழே. அங்க போய் யாராவது செடி வைப்பாங்களா? வெளிச்சமே கிடையாது. ரெண்டு பச்சைத் துளிர் வேற விட்டிருந்துச்சு. பாவம் வெயில் படட்டும்னு நான்தான் எடுத்து பால்கனியில வெச்சேன். அரிசி களைஞ்ச தண்ணியும் ஊத்துறேன். என்னமோ இன்னும் தலை தூக்கல."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கௌரிசங்கர் நின்றுகொண்டிருந்தார். பிருந்தாவைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கட்டையில உயிர் இருந்துச்சும்மா" என்றார் பிருந்தாவிடம். "மொட்டையா நின்னதைப் பார்த்ததுமே யார் வேலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அரபி பார்த்தா என்ன பதில் சொல்றது? வீட்டுல வெச்சுத் தளிர்க்க விட்டு, திரும்பக் கொண்டுபோய் வெச்சிடலாம்னு நினைச்சேன். அதுவரைக்கும் காணோம்னு சொல்லிவைப்போம், யாரோ எடுத்துட்டாங்கன்னு போயிடும்னு…"

"அந்த 'யாரோ'வுக்கு சதீஷ்குமார்னு பேர் வெச்சுட்டாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமுங்களே?"

"தளிர் வந்துடுச்சும்மா! என் கண்ணால பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பெருசானா கொண்டுபோய் வெச்சிடுவேன், அவனும் வந்துடுவான்னு ஒவ்வொரு நாளும்…" அவர் கைக்குட்டையைக் கசக்கினார். "நேத்து சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பால்கனியில இருக்கு."

"சரி, நேத்தே உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இவ கிள்ளினதையும் சொல்லணுமே."

அவ்வளவு நேரமும் சமையலறை வாசலில் நின்றிருந்த பத்மா இரண்டடி முன்னால் வந்தாள். "அது மரிக்கொழுந்து இல்லையா?"

கௌரிசங்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க, கேக்குறேன்ல? சதீஷ் உள்ள இருக்கிறது அந்தச் செடிக்காகவா? ஏதோ வெலை ஒசந்த மரம்னுல்ல என்கிட்ட சொன்னீங்க?" அவர் தலையைத் தூக்கவில்லை. பத்மா பிருந்தாவிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. வேற ஒண்ணு வாங்கி வெச்சிடலாம்ல? எங்கயாவது கிடைக்கும்ல?"

"எங்கயும் இல்லீங்க. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"உலகத்துலயேவா?"

பிருந்தா தலையாட்டினாள். பத்மா தன் கையைத் திருப்பி விரல் நகங்களைப் பார்த்தாள். சாகிருக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. யாராவது கெட்டவனைப் பிடித்துச் சட்டையை உலுக்கலாம் என்றுதான் அவன் இத்தனை வேகமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். இங்கே உலுக்குவதற்கு ஆளே இல்லை.

"இவரைக் கூட்டிட்டுப் போனா சதீஷை விட்டுருவாங்களா?" என்று கேட்டாள் பத்மா.

"உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகணுமுங்க. சட்டியையும். விட்டுருவாங்கன்னு நினைக்கறேன். ஆனா உயிரோட வந்தாத்தான் கேஸ் இல்லைன்னு சொன்னார். இது உயிரோட இல்லை. உங்களுக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"பத்மா, நான் மட்டும் போறேன், நீ…" என்று ஆரம்பித்தார் கௌரிசங்கர்.

"பேசாம எந்திரிங்க. அந்தப் பொண்ணுக்கு வளையல் போட்ட கை இது. அவ புருஷனை உள்ள வெச்சுட்டு, அவளுக்குத் தினம் சாம்பார் வெச்சு அனுப்பியிருக்கேன். எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். பிருந்தா பால்கனிக் கதவைத் திறந்தாள். உலை வாயைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. மக்ரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாகிர் குனிந்து சட்டியைத் தூக்கினான். சுட்டது. குச்சியிலிருந்து ஒரு சின்னச் சருகு உதிர்ந்தது.

"கொஞ்சம் இரு தம்பி" என்றாள் பத்மா.

சமையலறையிலிருந்து ஒரு சொம்பைக் கொண்டுவந்து, அரிசி களைந்த தண்ணீரைக் குச்சியின் அடியில் நிதானமாகச் சுற்றி ஊற்றினாள். தண்ணீர் சட்டியின் அடியில் கசிந்து சாகிரின் கையில் வழிந்தது. புடவைத் தலைப்பால் சட்டியின் அடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள்.

கண்ணாடி வீட்டில் அந்தத் தட்டைத் துடைத்து வைத்தது யார் என்று சாகிருக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்மா சொம்பைக் கவிழ்த்து, மிச்சமிருந்த சொட்டையும் வேரில் விட்டாள்.